டிக் டிக்கும் தகதிமியும்

டோம்பிவிலியில காலையில ஃபாஸ்ட் லோக்கல் பிடிச்சு தாதர் வரைக்கும் போறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு வண்டியிலயும் ஏதாவது ஒரு பெட்டியில ஒரு பஜனை கோஷ்டி இருக்கும். ஆபீஸ் பை மேல தட்டுல, கையில ஜால்ரா, ஒருத்தர் மடியில டோலக். மராட்டிப் பாட்டு. இடம் கிடைச்சா உட்கார்ந்து, கிடைக்கலைன்னா தொங்கிக்கிட்டே பாடுவாங்க. பத்தொன்பது வருஷமா இந்த லைன்ல போய்க்கிட்டு இருக்கேன், இவங்க குரல் கேட்காத வாரம் கிடையாது.

போன வருஷம் ஜூன் மாசம் ஒரு நாள் எனக்கு ஒரு கிறுக்கு பிடிச்சது. செல்போன்ல மெட்ரோனோம் ஆப் ஒண்ணு புதுசா இறக்கி வச்சிருந்தேன். அதுல ஒரு வசதி உண்டு. கேக்குற பாட்டோட தாளத்துக்கு ஏத்த மாதிரி திரையில விரலால தட்டினா, நிமிஷத்துக்கு எத்தனை தட்டுன்னு எண்ணைக் காட்டும். டோம்பிவிலியில கோஷ்டி ஆரம்பிச்சப்ப 88. தாணே தாண்டும்போது 104. காட்கோபர்ல 126. குர்லாவுக்கு முன்னாடி சிக்னல் விழுந்து வண்டி அசையாம நின்னுடுச்சு, கோஷ்டி மட்டும் 138ல போய்க்கிட்டு இருந்தது! வண்டி லேட்டு, பஜனை ரொம்ப சீக்கிரம் :-)

பஜனைக்கு அது அழகு. மெல்ல ஆரம்பிச்சு உச்சத்துல முடிக்கிறதுதான் அதோட இலக்கணமே. ஆனா அதே வேலையை மிருதங்கத்துல செஞ்சா வாத்தியார் தலையில குட்டுவார். அந்த ஆப்பை நான் இறக்கினதே அந்தக் குட்டுக்காகத்தான். குட்டு வாங்கினது நான் இல்லை, எங்க சின்னது.

சின்னதுக்கு இப்ப பதிமூணு வயசு. ஏழு வயசுல இருந்து மிருதங்கம் கத்துக்கறா. "பொண் குழந்தைக்கு பாட்டு, வீணைன்னு இல்லாம இது என்ன"ன்னு ஊர்ல இருந்து போன் வந்தப்ப தங்கமணி கொடுத்த பதிலை இங்க எழுத முடியாது. சார் பாலக்காட்டுக்காரர். எழுபது வயசு. ரயில்வேயில வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, ரெண்டு ரூம் பிளாட்டுல பாய் விரிச்சு பதினஞ்சு பசங்களுக்குச் சொல்லித் தரார். கோபமே வராது. அதிகபட்சமா "ஓடறயே குட்டி"ம்பார். அதுதான் அவர் அகராதியில பெரிய திட்டு.

"ஓடறது"ன்னா வேகமா வாசிக்கறதுன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லையாம். ஆரம்பிச்ச காலப்பிரமாணத்துல நிக்காம, நமக்கே தெரியாம முன்னால நழுவறதுதான் ஓட்டம். வேகமா வாசிச்சும் ஓடாம இருக்கலாம், மெதுவா வாசிச்சும் ஓடலாம். இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இது.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க.

நான் மாயவரம் பக்கம். எட்டு வயசுல இருந்து பதினஞ்சு வயசு வரைக்கும் நானும் மிருதங்கம் கத்துக்கிட்டேன். பக்கத்து வயல்ல ஒரு டீசல் இன்ஜின் பம்ப்செட் ஓடும். டுக்... டுக்... டுக்... டுக்னு மாறாத சத்தம். சாயங்காலம் வாசல் திண்ணையில உட்கார்ந்து அந்த டுக்கு டுக்குக்கு தகதிமி வாசிப்பேன். அப்பாவுக்கு சங்கீதம் தெரியாது. ஆனா இன்ஜினும் பையனும் ஒண்ணா போறாங்களா இல்லையான்னு மட்டும் அவருக்கு நல்லாத் தெரியும். "என்னடா, வண்டியைத் தாண்டிட்டே"ம்பார். எனக்கு வாய்ச்ச முதல் மெட்ரோனோம் அதுதான். பத்தாவது வந்ததும் கணக்கு டியூஷன். மிருதங்கம் பரணுக்குப் போச்சு. அப்புறம் இன்ஜினியரிங், புனே, மும்பை, கல்யாணம், ஹோம் லோன். உங்கள்ல பாதிப் பேருக்கு இதே கதைதான் இருக்கும். வாத்தியத்தோட பேரை மட்டும் மாத்திக்கோங்க.

அதனால சின்னது வாசிக்க உட்கார்ந்தா எனக்குள்ள ஒருத்தன் பரண்ல இருந்து எட்டிப் பார்ப்பான். இதை முதல்லயே சொல்லிடறேன். பின்னால நடந்ததுக்கு அவனும் ஒரு காரணம்.

ஜூன்ல சார் சொன்னார். "நவராத்திரிக்கு சபாவுல குழந்தைகள் கச்சேரி இருக்கு. ஒரு சின்னத் தனி வாசிக்கட்டும். கை இருக்கு. ஆனா ஓடறா. மூணாங்காலம் வந்தா பிடிச்சு நிறுத்த முடியலை. ஆத்துல சித்த பாருங்கோ."

சும்மா பார்க்கச் சொன்னார் மனுஷன். நான் சாஃப்ட்வேர்க்காரன் இல்லையா? பிராஜக்டா எடுத்துக்கிட்டேன்.

மெட்ரோனோம் பத்தி ரெண்டு வார்த்தை. மரத்துல செஞ்ச சின்னக் கோபுரம் மாதிரி பெட்டி, நடுவுல ஊசலாடற கம்பி. பழைய படங்கள்ல பியானோ மேல பார்த்திருப்பீங்க. 1815ல மெல்செல்ங்கறவர் பேடண்ட் வாங்கினார். ஆனா அடிப்படைக் கண்டுபிடிப்பு ஆம்ஸ்டர்டாம்ல இருந்த விங்கெல்ங்கறவரோடது, 1814லயே செஞ்சுட்டார். நோகாம நுங்கு தின்னவர் மெல்செல். இந்த மெல்செல்தான் பீத்தோவனுக்குக் காது கேக்கறதுக்குக் குழல் செஞ்சு கொடுத்தவரும். பீத்தோவன் தன்னோட இசைக்கு இந்தக் கருவியோட எண்களைக் குறிச்சுக் கொடுத்தார். அதுல சில எண்கள் அநியாய வேகம், இப்படி வாசிக்க முடியுமான்னு இருநூறு வருஷமா அடிச்சுக்கறாங்க. எண்ணைக் கையில கொடுத்தா மனுஷனுக்கு என்ன ஆகும்ங்கறதுக்கு பீத்தோவனே சாட்சி. நான் எம்மாத்திரம்?

கணக்கு ரொம்ப எளிசு. மெட்ரோனோமை 60ல வச்சா வினாடிக்கு ஒரு டிக். ஒரு டிக்குக்கு ஒரு சொல் வாசிச்சா முதல் காலம், ரெண்டு வாசிச்சா ரெண்டாம் காலம், நாலு வாசிச்சா மூணாங்காலம். 60ல "தகதிமி"ன்னு நாலு சொல் வாசிச்சா நிமிஷத்துக்கு 240 அடி, வினாடிக்கு நாலு. ரெண்டு அடிக்கு நடுவுல 250 மில்லி வினாடி. அதே தகதிமியை 120ல வாசிச்சா வினாடிக்கு எட்டு அடி, இடைவெளி 125 மில்லி வினாடி. எந்த வேகத்துக்கும் 60,000த்தை மெட்ரோனோம் எண்ணால வகுத்து, வர்றதை நாலால வகுத்தா இடைவெளி கிடைச்சுடும்.

ஒரு எக்செல் ஷீட் போட்டேன். தேதி, பாடம், சுத்தமா வாசிச்ச அதிகபட்ச வேகம், குறிப்பு. விதி இதுதான்: ஒரு வேகத்துல மூணு தடவை தப்பில்லாம வாசிச்சா எண்ணை 4 ஏத்தணும், தப்பு வந்தா 8 இறக்கணும். முதல் நாள் 72. வினாடிக்கு அஞ்சு அடிகூட இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இலக்கு 120ன்னு நானே எழுதிக்கிட்டேன். சார் கிட்ட கேட்கலை.

ஒரு வாரத்துல 80. ரெண்டாவது வாரம் 88. சின்னதுக்கும் உற்சாகம். ஸ்கூல்ல இருந்து வந்ததும் ஷூவைக் கழட்டறதுக்கு முன்னாடியே "அப்பா, இன்னைக்கு 92"ம்பா. ஒரு நாள் ராத்திரி உலக சாதனையெல்லாம் தேடிப் பார்த்தோம். டிரம்ஸ்ல ஒரு நிமிஷத்துல எத்தனை அடின்னு எண்ணறதுக்குன்னே டிரமோமீட்டர்னு ஒரு கருவி இருக்கு. 2013ல கனடாவைச் சேர்ந்த டாம் கிராசெட் ரெண்டு குச்சியை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷத்துல 1,208 அடி அடிச்சார். வினாடிக்கு இருபது! சின்னது வாயைப் பொளந்துக்கிட்டு, "அவரு என்ன வாசிச்சாருப்பா?"ன்னு கேட்டா. "ஒண்ணும் வாசிக்கலை, அடிச்சார்"னேன். பதில் சொல்லும்போதே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கலை.

ஜூலை மழை. எங்க ஏரியாவுல மழைக்காலம்னா தோல் வாத்தியத்துக்கு ஜென்ம சத்ரு. ஈரக்காத்துல வலந்தலை தொய்ஞ்சு சுருதி இறங்கிக்கிட்டே இருக்கும். தட்டித் தட்டி ஏத்தணும். சுருதி இறங்கின தோல்ல விரல் துள்ளி எழும்பாது. அப்ப வேகம் வேணும்னா கை தானா அழுத்தி அடிக்க ஆரம்பிக்கும். இதெல்லாம் இப்ப எழுதறேன். அப்ப எனக்குத் தெரிஞ்சது ஷீட்ல 96, 100, 104.

104 வந்த அன்னைக்கு வாசிப்பை ரெக்கார்டு பண்ணி, ஆடாசிட்டின்னு ஒரு இலவச மென்பொருள்ல போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் திரையில ஒரு முள்ளா தெரியும். 104க்கு ரெண்டு முள்ளுக்கு நடுவுல 144 மில்லி வினாடி இருக்கணும். ஆனா இருந்தது வேற. முதல் மூணும் நெருங்கி ஒட்டிக்கிட்டு, நாலாவது "மி" மட்டும் நோஞ்சானா, தள்ளி நின்னுது. கடைசிப் பையன் பஸ்ஸைப் பிடிக்க ஓடற மாதிரி. டிக்குக்குச் சரியா "த" விழுந்துடும், அதனால காதுக்குச் சரியா இருக்கற மாதிரியே இருக்கும். நடுவுல இருந்த மூணு சொல்லும் அவங்கவங்க இஷ்டத்துக்கு. ஜூன் மாச ரெக்கார்டிங்கை எடுத்துப் பார்த்தா, 72ல நாலு முள்ளும் ஒரே உயரம், கம்பி வேலி மாதிரி வரிசையா நின்னுது.

அதாவது ஆறு வாரத்துல நாங்க வேகத்தை 72ல இருந்து 104க்கு ஏத்தினோம், வாசிப்பை இறக்கினோம். படம் கண்ணெதிர இருக்கு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? குறிப்பு காலத்துல "நாலாவது சொல் சரியாகிவிடும்"னு தட்டிட்டு மூடி வச்சேன். எண் ஏறிக்கிட்டு இருக்கும்போது யாருக்கு சார் முள்ளைப் பார்க்கப் பிடிக்கும்?

ஆகஸ்ட் முதல் வாரம். ராத்திரி சாப்பாட்டுல சின்னது இடது கையால சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. தங்கமணிதான் பார்த்தா. "என்னடி இது புதுப் பழக்கம்?" "சும்மா". "வலது கையைக் காட்டு". காட்டலை. இழுத்துப் பிடிச்சுப் பார்த்தா, மணிக்கட்டுக்கு மேல லேசா வீங்கி இருந்தது. தொட்டதும் கண்ணுல தண்ணி. எத்தனை நாளாங்கறதுக்குப் பதில் இல்லை. அப்புறம் மெதுவா, "தொண்ணூத்தாறுல இருந்து".

நாளைச் சொல்லலை. நம்பரைச் சொன்னா.

அந்தக் குழந்தை தன்னோட வலியையே என்னோட எக்செல் ஷீட்டோட கணக்குலதான் ஞாபகம் வச்சிருந்தா. தங்கமணி என்னைத் திட்டலை. திட்டியிருந்தா தேவலை. தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

டாக்டர் பார்த்துட்டு தசைநாண்ல வீக்கம், ஓய்வு கொடுத்தா சரியாகும்னார். மூணு வாரம் வாத்தியத்தைத் தொடக் கூடாது. "வலிக்க ஆரம்பிச்சதும் ஏம்மா நிறுத்தலை?"ன்னு கேட்டார். அவ என்னைப் பார்த்தா. நான் சுவர்ல இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மிருதங்கத்துக்கு உறை போட்டு ஜிப்பை இழுத்து மூடினா. "நவராத்திரிக்கு வேண்டாம்ப்பா. அப்புறமும் வேண்டாம்." எனக்குப் பரண் ஞாபகம் வந்தது. என் மிருதங்கத்தைப் பரண்ல ஏத்தினது கணக்கு டியூஷன். இவளோடதை ஏத்தப் போறது நான்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு சார் வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பையும் எடுத்துக்கிட்டுப் போனேன், வெட்கம் கெட்டு. எல்லாத்தையும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு நிதானமாப் பார்த்தார். கத்துவார்னு எதிர்பார்த்தேன். "இந்தப் படம் நன்னா இருக்கு சார்"னார், 72ஓட படத்தைக் காட்டி. "அன்னைக்கே நிறுத்தியிருக்கலாம்."

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "ஷட்கால கோவிந்த மாரார்னு கேள்விப்பட்டிருக்கேளா?"

பேர் மட்டும் கேள்விப்பட்டிருக்கேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேரளத்துப் பாடகர். பல்லவியை ஆறு காலத்துல பாடக்கூடியவர்ங்கறதால "ஷட்கால"ங்கற அடைமொழி.

"ஆறு காலம்னா கடைசிக் காலத்துல ஒரு தட்டுக்கு எத்தனை?"

ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரெண்டு. "முப்பத்திரெண்டு சார்."

"உங்க மிஷின்ல அறுபது வச்சா?"

வினாடிக்கு முப்பத்திரெண்டு. டாம் கிராசெட்டாலயும் ஆகாது. மனுஷ நாக்கால சுத்தமா ஆகாது.

"அப்ப எப்படிப் பாடியிருப்பார்?"

எனக்குப் பதில் தெரிஞ்சுடுச்சு, ஆனா வாயில வரலை. ஆறாம் காலம் பாடணும்னா முதல் காலம் அவ்வளவு மெதுவா இருக்கணும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல ஆறு வினாடி, அதாவது நிமிஷத்துக்குப் பத்தே தட்டுன்னு வச்சுக்கிட்டாதான் ஆறாம் காலம் வினாடிக்கு அஞ்சு சொல்லுக்கு வந்து நிக்கும். அந்த ஆறு வினாடி வெறுமையில நழுவாம நிக்கத் தெரிஞ்சவருக்குத்தான் ஆறாவது காலம்.

"வேகம் கையில இல்லை சார். இடைவெளியில இருக்கு. அறுபதுல ஓடற குழந்தை நூத்திருபதுல ஓடாம இருக்குமா? நான் உங்களைப் பார்க்கச் சொன்னது அதை. நீங்க வேற எதையோ பார்த்தேள்." அவ்வளவுதான் சொன்னார். காபி கொடுத்தார். "குழந்தையை கிளாசுக்கு அனுப்புங்கோ. கை வேண்டாம். வாயோட வரட்டும்."

அனுப்பறதுக்குப் பெரும்பாடு பட்டோம். நான் கூப்பிட்டா வரமாட்டா. தங்கமணி கூட்டிக்கிட்டுப் போனா. மூணு வாரமும் சார் கிளாஸ்ல அவ சொல்கட்டை வாயால மட்டும் சொன்னா, இடது கையால தாளம். மெட்ரோனோம் வேண்டாம்னு சார் சொல்வார்னு எதிர்பார்த்தேன். இல்லை. வச்சுக்கச் சொன்னார், 40ல. அதுக்கப்புறம் இன்னொரு வித்தை. முதல்ல ஒவ்வொரு தட்டுக்கும் டிக். அது நல்லா வந்ததும் ரெண்டு தட்டுக்கு ஒரு டிக். அப்புறம் நாலு தட்டுக்கு ஒண்ணு. கடைசியில ஆதி தாளத்தோட எட்டு தட்டுக்கு ஒரே ஒரு டிக், சமத்துல மட்டும். நடுவுல ஏழு தட்டு நம்ம பொறுப்பு. மெட்ரோனோம் கையைப் பிடிச்சுக்கிட்டு நடத்தக் கூடாதாம், தெருமுனையில நின்னு சரியா வந்து சேர்ந்தோமான்னு மட்டும் பார்க்கணுமாம். ஒவ்வொரு தட்டுக்கும் டிக் கேட்டுப் பழகின பசங்க, டிக்கை நிறுத்தினதும் தடுமாறறது இதனாலதான்.

வீட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை. சின்னது என் கூட அதிகம் பேசறதில்லை. ஸ்கூல் அறிவியல் புத்தகத்துல தனி ஊசல் பாடம். ஒரு நூல்ல இரும்பு நட்டைக் கட்டி ஜன்னல் திரைக் கம்பியில தொங்க விட்டுக்கிட்டு இருந்தா. ஒரு மீட்டர் நூல் இருந்தா ஊசல் ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போக ஏறக்குறைய சரியா ஒரு வினாடி. "அப்பா, இது 60"ன்னா. பத்து நாளைக்கப்புறம் என் கிட்ட தானா வந்து சொன்ன முதல் வார்த்தை.

நூலைக் கால் மீட்டரா சுருக்கினா 120. நீளத்தை நாலுல ஒரு பங்கு ஆக்கினா வேகம் ரெண்டு மடங்கு. "40க்கு எவ்வளவு நூல் வேணும்?"னு கேட்டா. கணக்குப் போட்டோம். ரெண்டே கால் மீட்டர் கிட்ட வந்தது. எங்க பிளாட் சீலிங்குல இருந்து தொங்க விட்டாத்தான் உண்டு. மெட்ரோனோம் பெட்டிக்குள்ள இருக்கற கம்பிக்கு மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் எடை இருக்கறதாலதான் அவ்வளவு சின்னப் பெட்டியில 40 ஆட முடியுது. விங்கெலோட மூளை வேலை செஞ்ச இடம் அதுதான்.

ஒரு மீட்டர் ஊசலையே பார்த்துக்கிட்டு அவ வாயால தகதிமி சொல்ல ஆரம்பிச்சா. சத்தம் இல்லாத மெட்ரோனோம். கண்ணால பார்க்கணும். ஊசலோட வீச்சு குறைஞ்சுக்கிட்டே வந்தது. ஒரு சாண், நாலு விரல், ரெண்டு விரல். ஆனா 60 மட்டும் 60ஆவே இருந்தது. சட்டுனு நிறுத்தி, "அப்பா, சின்னதா ஆடினாலும் அதே டைம்தான் எடுத்துக்குது. அப்ப சத்தத்தைக் குறைச்சு வாசிச்சாலும் ஸ்லோ ஆகக் கூடாது, இல்ல? நான் சத்தமா வாசிச்சாத்தான் ஓடறேன்"ன்னா.

கலிலியோ கண்டுபிடிச்சதுன்னு நான் பாடப்புத்தகத்துல படிச்சு மார்க் வாங்கின விஷயம். அதை மிருதங்கத்துல கொண்டு வந்து வச்சது அவ. சத்தம் ஏறினா வேகம் ஏறும், சத்தம் இறங்கினா வேகமும் தொங்கும். வாசிக்கறவங்க எல்லாருக்கும் உள்ள வியாதி. அந்த ரயில் கோஷ்டிக்கும் அதேதான். ஆறு வாரம் எக்செல் ஷீட்ல தேடினது, ஒரு நூல்ல தொங்கிக்கிட்டு இருந்தது.

"நான் ஒரு தடவை வாசிச்சுப் பார்க்கட்டுமா?"ன்னு கேட்டேன். என்ன தைரியத்துல கேட்டேன்னு தெரியலை. உறையோட ஜிப்பை அவளே திறந்தா. முப்பது வருஷத்துக்கப்புறம் வலந்தலையில கை வச்சேன். 60ல தகதிமி. ரெண்டாவது ஆவர்த்தனத்துலயே, "ஓடறயேப்பா"ன்னா. 50. ஓடறே. 44. அதுலதான் நின்னேன், அதுவும் தட்டுத் தடுமாறி. அவ எக்செல்லைத் திறந்து என் பேர்ல ஒரு காலம் போட்டு 44ன்னு அடிச்சு சேவ் பண்ணினா. நெற்றியில வியர்வை. அறுபதுங்கறது எவ்வளவு வேகம்னு எனக்கு அன்னைக்குத்தான் கையில தெரிஞ்சுது.

நவராத்திரிக்கு அவ தனி வாசிக்கலை. கை சரியாக செப்டம்பர் ஆயிடுச்சு, சார் அவசரப்படுத்தலை. ஒரு பாட்டுக்கு மட்டும் உட்கார்ந்தா. நடுத்தர வேகம், ரெண்டாம் காலத்துக்கு மேல போகலை. கூட்டத்துல யாரும் அசந்து போகலை, கைதட்டலும் சாதாரணம்தான். பாட்டு முடியறப்ப நான் பழக்கதோஷத்துல பாக்கெட்டுக்குள்ள போனைத் தொட்டேன். தங்கமணி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அளக்கலை.

சார் மேடையில இருந்து இறங்கி வந்து, "ஓடலை"ன்னார். சின்னது முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.

வெளியூர்ல இருந்துக்கிட்டு நம்ம பசங்களுக்குப் பாட்டு, வீணை, மிருதங்கம்னு சொல்லிக் கொடுக்கறவங்க நிறைய பேர் இருக்கீங்க. வாரத்துக்கு ஒரு கிளாஸ், சிலருக்கு ஸ்கைப்புல ஆரம்பிச்சு இப்ப ஜூம்ல கிளாஸ். மீதி ஆறு நாளும் நாமதான் மேஸ்திரி. உங்களுக்காக, இப்ப எங்க வீட்டுல நடக்கற முறை இது:

1. ஆரம்பம் எப்பவும் சுலபமா வர்ற வேகத்துக்கும் கீழ. எங்களுக்கு 50. பத்து நிமிஷம் கை சூடாகற வரைக்கும் அதுதான்.

2. முதல்ல வாயால சொல்லணும். வாய்ல ஓடற பாடம் கையில கண்டிப்பா ஓடும்.

3. ஏத்தினா ரெண்டு ரெண்டா, அதுவும் வாரத்துல ரெண்டு நாள்தான். ஏத்தின பிறகு பழைய வேகத்துக்கு இறங்கி வந்து ஒரு தடவை வாசிச்சுத்தான் முடிக்கணும்.

4. கடைசிச் சொல் முதல் சொல் மாதிரியே கேக்குதான்னு பார்க்கணும். கேக்கலைன்னா அந்த வேகம் இன்னும் நம்மளோடது இல்லை.

5. டிக்கைக் குறைச்சுக்கிட்டே வரணும். ரெண்டுக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணு, எட்டுக்கு ஒண்ணு.

6. ப்ளூடூத் ஸ்பீக்கர்ல மெட்ரோனோம் போட்டா சத்தம் கொஞ்சம் தாமதமா வரும். திரையில மின்னற வெளிச்சத்தையும் சத்தத்தையும் சேர்த்து வச்சுக்கிட்டு குழந்தையைக் குழப்பாதீங்க. ஏதாவது ஒண்ணு போதும்.

7. வலிச்சா அந்த நிமிஷமே நிறுத்தணும். நிறுத்தறது தோல்வின்னு குழந்தைக்குத் தோண ஆரம்பிச்சிருந்தா, கோளாறு கையில இல்லை, நம்ம கிட்ட.

கடைசி விதியை எழுதினது தங்கமணி. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கா, என் கண்ணுல படற உயரத்துல.

எக்செல் ஷீட் இன்னும் இருக்கு. ஆனா பாஸ்வேர்டை மாத்திட்டாங்க. சின்னது இப்ப எந்த எண்ல வாசிக்கறான்னு எனக்குத் தெரியாது, கேட்டா "நல்லாத்தான் போகுதுப்பா"ங்கறா. என்னோட காலம் மட்டும் பார்க்க அனுமதி உண்டு. போன ஞாயித்துக்கிழமை 58. நாலாவது சொல் இன்னும் நோஞ்சான்தான்னு பக்கத்துல குறிப்பு எழுதியிருக்கா.

உங்க வீட்டுல கதை எப்படி? எண்ணைப் பார்த்து ஏமாந்தவங்க, பரண்ல இருந்து இறக்கினவங்க, யாரா இருந்தாலும் சொல்லிட்டுப் போங்க. எனக்கு நேரமாச்சு. சின்னது கூப்பிடறா, 58 பாக்கி இருக்கு.